பருந்தடித்த கோழிக்கு ஓர் இருட்டறை

போன மாதம் ஒரு வேலையாக என் பழைய கால்நடை அலுவலகத்துக்குப் போனேன். விறாந்தையில் ஒரு பெண் உரப்பையில் சுற்றிய கோழியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பருந்து அடித்த கோழி. இப்போது அங்கே வேலை பார்க்கிற உங்களில் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ஓட்டோ பிடிச்சு வந்தீங்க? அறுத்து ஆக்கியிருந்தா இந்நேரம் சாப்பிட்டு முடிஞ்சிருக்கும்" என்று சிரித்தார். அவர் யார் என்பது அவருக்குத் தெரியும். பெயரை எழுதி அவமானப்படுத்த விருப்பமில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஊர் பாண்டிருப்பு. கால்நடை அலுவலகத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். சேவைக்காலத்தின் பெரும்பகுதி கல்முனையிலும் அதைச் சுற்றியுள்ள முஸ்லிம் ஊர்களிலும் கழிந்தது. கோபக்காரி என்று பெயர். "கத்துற மிஸ் வாறா" என்று தெருமுனையிலேயே சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டு நான் வருத்தப்பட்டதில்லை.

காயத்தை எப்படிக் கழுவுவது, தோலை எப்படித் தைப்பது, எவ்வளவு மருந்து என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். மறந்திருந்தால் திரும்பப் படியுங்கள். படிப்பிக்காத ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த ஊர்களில் பருந்து ஒரு கோழியை அடித்துப் போட்டால், அதை நோக்கி இரண்டு பொருள்கள் ஓடிவரும். ஒன்று கத்தி. மற்றது உங்கள் மருந்துப் பை. தானாகச் செத்த கோழியை முஸ்லிம்கள் சாப்பிட முடியாது. பருந்து கிழித்ததாக இருந்தாலும், அறுக்கும் நேரத்தில் உயிர் இருந்தால் சாப்பிடலாம். ஆகவே கோழி கண்ணை மூடியவுடன் வீட்டில் பதற்றம் தொடங்கும். அடுத்த மூச்சு வருமோ வராதோ என்று கத்தியைத் தேடுவார்கள். இதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இந்த வேலைக்கு வரவேண்டாம். வளர்த்த உயிர் ஒருவருக்கும் உதவாமல் மண்ணுக்குள் போகக்கூடாது என்று நினைக்கிற மனிதர்கள் அவர்கள்.

ஆனால் இதில் ஒரு பிழை நடக்கும். பருந்தின் நகம் பட்ட கோழி பாதி காயத்தால் விழுகிறது, பாதி பயத்தால் விழுகிறது. கழுத்தைத் தொங்கப் போடும். கண்ணை மூடும். வாயைத் திறந்து மூச்சு விடும். பார்ப்பவருக்குச் சாகப் போகிறது என்றே தோன்றும். அதே கோழியை இருட்டான, சத்தமில்லாத ஓர் இடத்தில் விட்டுவிட்டுப் போனால், கொஞ்ச நேரத்தில் எழும்பி நிற்கிற கோழிகளும் உண்டு. எழும்பக்கூடிய எத்தனையோ கோழிகள் இந்த அவசரத்தில் கறியாகிவிட்டன.

மறுபக்கப் பிழை நம்முடையது. என்னோடு வேலை செய்த ஒருவர் நல்ல மனிதர்தான், ஆனால் கை சும்மா இருக்காது. நற்பிட்டிமுனையில் ஒரு வீட்டில் பருந்தடித்த சேவலுக்குப் போனவுடன் ஊசியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அடுத்த நாள் பார்க்கப் போனார்.

"எங்க சேவல்?"

"வயித்துக்குள்ள" என்றார் வீட்டுக்காரர்.

"மருந்து போட்ட சேவல் ஐயா அது! சாப்பிடலாமா?"

"நீங்க சொல்லல்லியே. மருந்துதானே சேர், எங்களுக்கும் சளி இரிக்கி, நல்லம்தானே."

இவர் தலையில் கை வைத்துக்கொண்டு கத்த, அந்த வீட்டுப் பெண் பயந்துபோய் மிச்சக் கறியைச் சட்டியோடு கொண்டுபோய்ப் புதைத்தாள். வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு வந்து எங்கள் எல்லோரையும் ஏசினார். அவர் ஏசியது நியாயம். ஊசி போட்ட கோழியை மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை அறுக்கக்கூடாது. ஊசி ஏறினால் கத்திக்கு வழியில்லை. பையைத் திறப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் முடிவு கடினமாகிவிடும். அதற்குப் பயந்துதான் பலர் சொல்லாமல் போடுகிறார்கள்.

இனி ஹாஜறா ராத்தாவின் கோழிக்கு வருகிறேன்.

ராத்தா என்றால் அக்கா. என்னைவிட வயதில் மூத்தவர். கடற்கரைப் பக்கத் தெருவொன்றில் அவருடைய வீடு. அந்த வீட்டை மகள் நஸீமாவுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் ஓர் அறையில் கணவனோடு இருந்தார். வீட்டைச் சுற்றிய வளவு மகளுடையது, வீடு மகளுடையது. கோழிகள் மட்டும் ராத்தாவினுடையவை. முட்டை விற்றுத் தன் வெற்றிலைக்கும் மருந்துக்கும் பார்த்துக்கொள்வார். ஒருவரிடமும் கையேந்த மாட்டார். பின்னேரம் வரை முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு கோழிகளோடுதான் இருப்பார். பருந்தின் நிழல் மண்ணில் விழுந்தால் போதும், அவர் போடுகிற சத்தத்தில் அடுத்த தெருக் கோழிகளும் ஒளிந்துகொள்ளும். அவர் இருக்கும்வரை அந்த வளவுக்கு வலையும் தேவைப்படவில்லை, நானும் தேவைப்படவில்லை.

பிறகு அவருடைய கணவர் மௌத்தாகிவிட்டார். ராத்தா இத்தாவில் இருந்தார். இது தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: கணவன் இறந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் பிற ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. இந்தப் பக்கத்தில் அதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். ராத்தாவின் அறை யன்னலுக்குத் தடித்த சீலை போட்டார்கள். கதவுக்கும் சீலை. வளவின் தெருப்பக்க மதில் பாதி கட்டியபடி நின்றதால், முற்றத்துக்கு வந்தால் போகிறவர் வருகிறவர் எல்லோர் கண்ணிலும் படும். ஆகவே ராத்தா முற்றத்துக்கு வரவே இல்லை.

முற்றத்தில் ஆள் இல்லை என்பது பருந்துக்கு எவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறீர்கள்? முதலில் குஞ்சுகள் போயின. பிறகு பெரிய பேட்டுக் கோழிகளில் கை வைத்தது. அதிலும் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் அதற்குப் பிடித்த நேரம். ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள். கடைகள் பூட்டியிருக்கும். பெண்கள் வீட்டுக்குள். தெருவில் ஒரு சைக்கிள்கூட ஓடாது. தண்ணீர்த் தாங்கிமேல் இருந்து பார்க்கிற பருந்துக்கு அதைவிட நல்ல நேரம் ஏது? இந்த ஊர்களில் கோழி வளர்ப்பவர்களுக்கு நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். வெள்ளிக்கிழமை பாங்கு சொல்வதற்கு முன் கோழிகளைக் கூட்டில் அடைக்கட்டும், ஆண்கள் திரும்பிய பிறகு திறக்கட்டும்.

அடிபட்ட ஒவ்வொரு பேட்டையும் ராத்தாவின் மருமகன் றியாஸ், தொழுகை முடிந்து வந்தவுடன் அறுக்கக் கொடுத்தார். அறுப்பவர் அதே தெருவில் இருந்த காசிம் காக்கா. தெருவில் எந்த வீட்டுக்காரி கோழியோடு வந்தாலும் அவர்தான் அறுத்துக் கொடுப்பார். றியாஸ் கெட்டவர் இல்லை. கைபேசி திருத்துகிற கடை வைத்திருந்தார். மாமியாரின் உடைமை வீணாகக்கூடாது என்றுதான் அறுத்தார். ஆனால் கோழிகள் போய்க்கொண்டிருந்தன, கோழிகள் இல்லாவிட்டால் முற்றத்துக்குக் கல் பதிக்கலாம் என்ற கதையும் வீட்டில் தொடங்கியிருந்தது. கடைசியில் ஒரு சேவலும் ஒரு செங்கோழியும்தான் மிச்சம். அந்தச் செங்கோழி அடைகாத்துக் குஞ்சு பொரிப்பதில் கெட்டிக்காரி. அது இருந்தால் ராத்தா திரும்பவும் ஒரு கூட்டத்தை உண்டாக்கிவிடுவார். அது போனால் இத்தா முடிந்து அவர் வெளியே வரும்போது, மகளின் வளவில், மருமகனின் உழைப்பில் இருக்கிற ஒரு கிழவி. அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை நஸீமாவின் அழைப்பு வந்தது.

"மிஸ், உம்மாட செங்கோழிய பிராந்து அடிச்சிட்டு. உசிர் இரிக்கி. ஆனா கழுத்தப் போட்டுட்டு. ஆம்புளயள் எல்லாம் பள்ளியில. என்ன செய்யிற?"

"ஒண்டும் செய்யாத. தொடாத. வாறன்."

பக்கத்துத் தெருவில்தான் நின்றேன். ஸ்கூட்டியில் போய் இறங்கினால், முற்றத்து ஓரத்தில் சமைக்கிற தகரக் குசினியில், தரையில், கோழி கிடக்கிறது. சுற்றி அயல்வீட்டுப் பெண்கள். தகரம் கொதிக்கிறது. மதிலில் காகங்கள் வந்து இருக்கின்றன. செட்டை அடியிலிருந்து வால் வரைக்கும் முதுகுத் தோல் கிழிந்து ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது. அதன்மேல் கறுப்பாக எதையோ அப்பியிருந்தார்கள். ஒரு கோப்பையில் கத்தி தயாராக இருந்தது.

"என்ன இது கறுப்பா?"

"கோப்பித்தூள் மிஸ். ரெத்தம் நிக்கட்டும் எண்டு..."

"கோழிக்குக் கோப்பி குடுக்கியா? சீனி போட்டியா, போடல்லியா?" என்று கத்தினேன். நஸீமா அழத் தொடங்கினாள். அயல் பெண்கள் விலகி நின்றார்கள். அப்போது வீட்டுக்குள் இருந்து ராத்தாவின் குரல்:

"மிஸ், எங்கட புள்ளயப் பேசாதிங்க. அவள் பயந்து போனாள். உசிர் இரிக்கா, அதச் சொல்லுங்க."

"இரிக்கி ராத்தா."

"சாகுமா?"

நான் குனிந்து பார்த்தேன். இரத்தம் பெரும்பாலும் நின்றிருந்தது. செட்டை முறியவில்லை. வயிற்றுக்குள் நகம் இறங்கியதாகத் தெரியவில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மூச்சு மேலும் கீழும் இழுத்தது. அந்த நேரத்தில் தையல் போடப் போனால் பயத்திலேயே செத்துவிடும். முதலில் வேண்டியது இருட்டும் அமைதியும். அந்தக் குசினியில் இரண்டும் இல்லை.

"வீட்டில இருட்டான இடம் எது?"

நஸீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "உம்மாட அறைதான் மிஸ்."

அதைக் கேட்டவுடன் எனக்கே சிரிப்பு வந்தது. யன்னலில் தடித்த சீலை. கதவில் சீலை. ஈ இல்லை, வெயில் இல்லை, காகம் இல்லை, வேடிக்கை பார்க்க ஒருவரும் வரமுடியாது. எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படி ஓர் அறை கிடைக்காது.

"அது உம்மா தொழுற அறை மிஸ்" என்றாள் நஸீமா. "கோழி எச்சம் போட்டா?"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "பெட்டிக்குள்ள வெச்சுக் கொண்டு வாங்க. தொழுற முசல்லாப் பாய நான் அங்கால போடுறன்."

பிஸ்கட் பெட்டி ஒன்றில் பழைய துவாயை விரித்து, கோழியை வைத்து, மேலே இன்னொரு துணியைப் போட்டு உள்ளே கொண்டுபோனேன். நான் பெண் என்பதால் அந்தச் சீலையைத் தாண்டிப் போக முடிந்தது. ஓர் ஆண் உத்தியோகத்தர் போயிருந்தால் வாசலோடு நின்றிருப்பார். ஒரு பெண் இந்த வெளிக்கள வேலைக்கு ஏன் வந்தாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்ல அன்றைக்கு எனக்குப் பதில் கிடைத்தது.

ராத்தா வெள்ளைச் சீலையில் கட்டிலில் இருந்தார். மெலிந்து போயிருந்தார். பெட்டியைக் கட்டிலின் காலடியில் வைத்தேன்.

"தொடாதிங்க. திறந்து பார்க்காதிங்க. ஓதுறதெண்டா மெதுவா ஓதுங்க."

"நான் எப்பவும் மெதுவாத்தான் ஓதுற. கத்துற ஆள் நீங்கதான்" என்றார்.

வெளியே வந்து ஒன்றும் செய்யாமல் நின்றேன். இந்த வேலையில் ஆகக் கஷ்டமானது அதுதான். பையோடு வந்தவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அயல் பெண்கள் பார்க்கிறார்கள். ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. அது முடிந்தால் தொழுகை, தொழுகை முடிந்தால் ஆண்கள், ஆண்கள் வந்தால் கத்தி. காத்திருக்கும் நேரத்தில் கோழி செத்துப்போனால் கறியும் இல்லை, கோழியும் இல்லை. அந்தப் பழி முழுக்க என் தலையில்.

பொறுக்க முடியாமல் எங்கள் கால்நடை வைத்தியருக்கு அழைத்தேன். அவர் அம்பாறையில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். விசயத்தைச் சொன்னேன். "என்ன சேர் செய்ய? அறுக்கச் சொல்லவா, வைக்கச் சொல்லவா?"

"முன்னால நிக்கிறது நீங்க. உங்கட கண் என்ன சொல்லுது?"

"அரைவாசி அரைவாசி சேர்."

"அப்ப அதைக் கோழிக்காரிட்டச் சொல்லுங்க. எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?"

வைத்துவிட்டார். அவரை நான் மனதுக்குள் ஏசிய ஏச்சு கொஞ்சமில்லை. தப்பித்துக்கொண்டார் என்று நினைத்தேன். இன்றைக்கு அவருக்கு நன்றி சொல்கிறேன். அறுக்கச் சொல்லியிருந்தால் அறுக்கச் சொல்லிவிட்டு வந்திருப்பேன். வைக்கச் சொல்லியிருந்தால் பழியை அவர்மேல் போட்டிருப்பேன். உறுதி இல்லாதபோது உறுதி இல்லை என்று சொந்தக்காரரின் முகத்துக்கு நேரே சொல் என்றுதான் அவர் சொன்னார். என் சேவையில் யாரும் எனக்குச் சொன்ன ஆகப் பெரிய வார்த்தை அது. கோபத்தில் அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை.

தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கத் தொடங்கியது. றியாஸ் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் காசிம் காக்கா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு.

"எங்க கோழி? சுறுக்காக் கொண்டு வா. காக்கா வந்திரிக்கார்."

"உம்மாட அறைக்குள்ள" என்றாள் நஸீமா.

"அறைக்குள்ளயா? ஆர் கொண்டு போன?"

"நான்தான்" என்றேன்.

றியாஸ் என்னைப் பார்த்தார். கோபம் வந்தது, ஆனால் மரியாதையை விடவில்லை. "மிஸ், குறை நெனைக்காதிங்க. அது செத்தா ஒருத்தருக்கும் உதவாது. மாமிட பொருள். போன முறையும் இப்பிடித்தான் கிடந்துது."

"போன முறை செத்துதா?"

"அறுத்த பொறகு எப்பிடி மிஸ் சாகும்?"

காசிம் காக்கா வாய்விட்டுச் சிரித்தார். றியாசுக்கு முகம் சிவந்துவிட்டது. "சிரிக்காதிங்க காக்கா. உசிர் போகிறத்துக்கு முன்ன முடிங்க."

நான் கதவுச் சீலைக்குப் பக்கத்தில் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ராத்தா, கேளுங்க. கோழி பிழைக்கவும் கூடும், சாகவும் கூடும். எனக்கு நிச்சயமாத் தெரியாது. கத்தி வேணுமெண்டா இப்பவே சொல்லுங்க. நான் ஊசி போட்டுத் தைக்கிறதெண்டா, பொறகு கத்தி இல்ல. அதுக்குப் பொறகு செத்தா புதைக்கத்தான் வேணும். கோழி உங்கட. நீங்க சொல்லுங்க."

உள்ளே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்.

"மாமி..." என்று றியாஸ் தொடங்கினார்.

காசிம் காக்கா அவருடைய தோளில் கை வைத்தார். "தம்பி, கோழி உன்ட இல்ல. பொறு. உசிர் இருந்தா அறுக்கலாம் எண்டுதான் மார்க்கத்தில இரிக்கி. அறுத்தே தீரணும் எண்டு எங்கயும் இல்ல."

பல வருடங்களாக அந்தத் தெருக் கோழிகளை அறுத்த மனிதர் அதைச் சொன்னார். நான் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. நான் வேறு சமயத்துக்காரி. ஊசியைப் பற்றி நான் கதைக்கலாம், கத்தியைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை இல்லை. அந்த இடத்தில் அவர் வாய் திறந்ததற்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிறகு ராத்தா பேசினார்.

"மிஸ், ஊசியப் போடுங்க. செத்தா முத்தத்தில தோண்டித் தாட்டுப் போடுங்க. நான் குறை சொல்ல மாட்டன். இருந்த எல்லாத்தயும் அறுத்துத் திண்டாச்சி. நான் வெளியால வரக்குள்ள முத்தத்தில என்ட எண்டு ஒரு கோழியாவது நிக்கணும்."

றியாஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

உள்ளே போனேன். மூடிய துணியை விலக்கினால், கோழி கண்ணைத் திறந்திருந்தது. கழுத்து இன்னும் சரியாக நிற்கவில்லை. ஆனால் என் விரலைக் கண்டு தலையை இழுத்தது. அவ்வளவுதான் அடையாளம். அதற்குமேல் நல்ல செய்தி இருக்கவில்லை. ராத்தா கைபேசி வெளிச்சத்தைப் பிடிக்க, கோப்பித்தூளைக் கழுவி எடுக்கவே நேரம் போனது. தைத்தேன். ஊசி போட்டேன். ராத்தாவின் வெள்ளைச் சீலையில் இரத்தம் பட்டது. அவர் கவனிக்கவில்லை. நான் சொன்னபோது, "மாத்தித்தான் தொழுவன், நீங்க உங்கட வேலையப் பாருங்க" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. கோழிக்காக இல்லை. ஒரு பெண் என் பேச்சை நம்பித் தன் கடைசிக் கோழியை எனக்குத் தந்துவிட்டாளே என்ற பாரம்.

செங்கோழி சாகவில்லை. லேசாகப் பிழைக்கவும் இல்லை. இடையில் ஒரு நாள் காயத்தில் நாற்றம் வந்து, இரண்டு தையலை வெட்டித் திறந்து மறுபடி கழுவினேன். அந்த நாள் போய்விடும் என்றே நினைத்தேன். ராத்தா ஊறவைத்த அரிசியையும் அவித்த முட்டை மஞ்சளையும் உள்ளங்கையில் வைத்து ஊட்டினார். தண்ணீரைச் சொண்டின் ஓரத்தில் மட்டும் துளித்துளியாக விட்டார். வாய்க்குள் ஊற்றி மூச்சுக்குழாயை அடைத்துக் கொன்றுவிடாதீர்கள் என்று நான் எல்லா வீட்டிலும் கத்துவேன். ராத்தாவிடம் ஒரு முறை சொன்னது போதுமாக இருந்தது. அறை இருட்டாக இருந்ததால் ஈ வரவில்லை, ஈ வராததால் புழு வைக்கவில்லை. பருந்தின் நகத்துக்குத் தப்பிய கோழிகளைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் புழுதான். காயத்தைத் தைத்துவிட்டு வெயிலில், திறந்த கூட்டில் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஒரு நாள் நான் வெளியே வரும்போது நஸீமா என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டாள். மெதுவாகச் சொன்னாள்.

"மிஸ், வாப்பா மௌத்தான நாளையில இருந்து உம்மா ஒரு கதையும் இல்ல. கேட்டா ஓம், இல்ல. அவ்வளவுதான். இப்ப அறைக்குள்ள கதைக்கிற சத்தம் கேக்குது."

"ஆரோட?"

"கோழியோட. வாப்பாவப் பத்தித்தான் சொல்றா. நேத்து சிரிச்சும் கேட்டுது."

நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். வழக்கம்போல அதை மறைக்க, "கோழிக்குச் சத்தம் கூடாதெண்டு சொன்னனே!" என்று கத்தினேன். நஸீமா இந்த முறை அழவில்லை. சிரித்தாள்.

அதே கிழமை றியாஸ் தானாகவே அலுவலகத்துக்கு வந்தார். நேரே என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மிஸ், பிராந்துக்கு வலை கட்டுறதெண்டா எப்பிடி?"

"கல் பதிக்கிற எண்டு கேள்விப்பட்டன்?"

"அது பொறகு பார்ப்பம்" என்றார்.

மீன்காரர்களிடம் கிழிந்த வலை வாங்கி, தென்னையிலிருந்து முருங்கைக்குக் கட்டினார். தொய்யத் தொய்யக் கட்டியிருந்தார். அடுத்த நாளே ஒரு மைனா சிக்கிக்கொண்டது. போய்க் கத்தினேன். மெல்லிய நைலோன் வலையைத் தொய்வாகக் கட்டினால் பருந்தைவிட மோசம். கோழியின் காலும் சிக்கும், காகமும் சிக்கும். கண்ணுக்குத் தெரிகிற தடித்த வலையாக, இழுத்து, உயரத்தில் கட்ட வேண்டும். வலையின் கீழே கோழி ஓடி ஒளிய நாலு செடியாவது இருக்க வேண்டும். மனிதன் ஏசாமல் கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கட்டினார். நடுவில், "பேசாம நஞ்சு வெச்சா முடிஞ்சிரும் மிஸ்" என்று ஒரு வார்த்தை சொன்னார். நஞ்சு வைத்த இடத்தில் பருந்து செத்ததை நான் கண்டதில்லை, அயல்வீட்டுப் பூனை செத்து இரண்டு குடும்பம் கதைக்காமல் போனதைக் கண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அதோடு பருந்தைக் கொல்வது சட்டப்படியும் குற்றம். உங்களிடமும் கேட்பார்கள். இப்படியே சொல்லுங்கள்.

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. அடிபட்ட கோழிக்கு முன்னால் போய் நின்றால், முதலில் அது யாருடையது என்று கேளுங்கள். வாசலில் நின்று சத்தமாகக் கதைப்பவருடையதாக அது இருக்காது. பெரும்பாலும் உள்ளே, நமக்கு முகம் தெரியாத ஒரு பெண்ணுடையதாக இருக்கும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததையும் சொல்லுங்கள். அவள் முடிவெடுக்கட்டும். அறுக்கச் சொன்னால் மரியாதையாகப் பையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், அதுவும் சரியான முடிவுதான். வைக்கச் சொன்னால், உங்கள் சோறு இறங்காத அளவுக்கு அந்தக் கோழியைப் பாருங்கள். எனக்கு இதைக் கற்றுத் தந்த அந்த வீட்டு மனிதர்கள் எல்லோருக்கும், என்னோடு சண்டை பிடித்த றியாசுக்கும் சேர்த்து, நான் நன்றியுடையவள். நேரில் சொல்லியிருந்தால் அதையும் கத்தித்தான் சொல்லியிருப்பேன்.

இத்தா முடிந்த பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தது. ஜும்ஆ நேரம். தெரு வெறிச்சென்று கிடந்தது. மேலே பார்த்தால் பருந்து, அந்த வளவுக்கு நேர் மேலே வட்டம் போடுகிறது. கோழியைத் திறந்துவிட்டிருப்பார்களோ என்று பயந்து ஸ்கூட்டியை முறுக்கினேன். வளவை நெருங்கும்போதே உள்ளேயிருந்து ஒரு சத்தம் எழும்பியது. சீலைக்குப் பின்னாலிருந்து இவ்வளவு நாளும் எனக்குக் கேட்ட குரல் இல்லை. முற்றத்துக் குரல். அந்தப் பருந்தின் உம்மாவையும் வாப்பாவையும் ஏழு தலைமுறையையும் இழுத்து ராத்தா ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. செங்கோழி கொக்கரித்துக்கொண்டு செடிக்குள் ஓடுவது கேட்டது. பருந்து ஒரு முறை சரிந்து, கடல் பக்கமாகத் திரும்பிப் போனது. ராத்தா நிறுத்தவில்லை. அது கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஏசினார்.

மதிலுக்கு வெளியே எஞ்சினை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த வீட்டில் எனக்கு இனி வேலை இருக்கவில்லை.